பதினாறு பைட் தள்ளி

2022 ஆகஸ்ட் 7, ஞாயிறு

காலை 10.40. தண்ணீர் வால்வுகளைத் திறந்து மூடும் பெட்டிகள் மொத்தம் அறுபத்துமூன்று. முடிந்தது நாற்பத்துநான்கு. மிச்சம் பத்தொன்பது.

இந்தப் பத்தொன்பதும் ஒரே கம்பெனி விற்றவை. கம்பெனி இரண்டு வருடத்துக்கு முன்பே கடையைக் கட்டிவிட்டது. பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் கெர்னலை, அதாவது அடிப்படை இயக்க நிரலை, அவர்களே தங்கள் இஷ்டத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். எப்படிக் கட்டினார்கள் என்று ஒரு தாளில்கூட எழுதி வைக்கவில்லை. மூலநிரலும் இல்லை. வால்வைத் திறக்கும் புதிய மின்னணு அட்டையோடு பேசுவது என் மாட்யூல், கெர்னலுக்குள் ஏற்றும் ஒரு சின்ன நிரல். அதை ஏற்றப் போனால் கெர்னல் வாசலிலேயே மறிக்கிறது: பதிப்பு முத்திரை பொருந்தவில்லை.

பொருந்தாதுதான். நான் வேறு கெர்னலை வைத்துக் கட்டினேன். அவர்களுடையது என்னிடம் இருந்தால்தானே.

ஔனி தன் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டினார். முதலாளி என்றாலும் எழுந்து வர மாட்டார். "நாப்பத்திநாலு பண்ணவனுக்குப் பத்தொம்பது ஒரு கணக்கா? பதினஞ்சாந் தேதி இர்பித் ஊர்க்காரங்க, அவங்க ஊருக்கும் இதைப் போடலாமான்னு பாக்க வர்றாங்க. ஸ்கிரீன் முழுக்கப் பச்சையா இருக்கணும், நிதால். ஒரு சிவப்பு இருந்தாலும் அதைப் பத்திதான் கேப்பாங்க."

மூன்று வாரம் வேண்டும் என்றேன். மூன்று நாள் என்றார்.


ஆகஸ்ட் 8, திங்கள்

முடித்துவிட்டேன்.

முத்திரை என்பது கோப்பில் இருக்கும் ஒரு வரி எழுத்து, அவ்வளவுதான். அதை மாற்றி எழுதினேன். சரிபார்ப்பு எண்களைப் பெட்டியிலேயே இருந்த பழைய டிரைவர் நிரலிலிருந்து உருவி என்னுடையதில் ஒட்டினேன். கெர்னல் பார்த்தது, நம்ம ஆள்தான் என்று உள்ளே விட்டது. மேசையில் இருக்கும் மாதிரிப் பெட்டியில் நூறு முறை திறந்து மூடினேன். நூறும் சரி. அந்தப் பத்தொன்பதோடு வந்த இருபதாவது பெட்டி இது, அதே பெயர், அதே பதிப்பு. பிறகு இங்கிருந்தே பத்தொன்பதுக்கும் அனுப்பினேன். ஒரு மணி ஐம்பது நிமிடம். ஒன்றுகூட விழவில்லை.

ஔனி எல்லாருக்கும் குனாஃபா இனிப்பு வரவழைத்தார். "மூணு வாரம் கேட்ட பயலுக்குப் பெரிய துண்டா வெட்டுங்க."

தப்பான வழிதான். தெரியும். வேலை செய்கிறதே.


ஆகஸ்ட் 9, செவ்வாய்

அறுபத்துமூன்றும் பச்சை.


ஆகஸ்ட் 10, புதன்

தண்ணீர் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமிலிருந்து ரந்த் கூப்பிட்டாள். பல்கலைக்கழகத்தில் எனக்கு ஒரு வருடம் மூத்தவள், அதை இன்னும் மறக்கவில்லை.

"நேத்து நளீஃப் மலையில இருந்து முப்பத்தொரு ஃபோன். வாரத்துல செவ்வாய் ஒரு நாள்தான் அவங்க முறை, அன்னிக்கும் தண்ணியே வரலையாம்."

"ஸ்கிரீன்ல என்ன?"

"காலைல ஆறுல இருந்து ரெண்டு வரைக்கும் வால்வு திறந்திருக்கு."

"அப்போ திறந்துதான் இருந்துது."

"நாங்களும் அதையேதான் சொன்னோம். தண்ணி வருது, உங்க டேங்க் மிதவை மாட்டிக்கிட்டிருக்கும், பாருங்கன்னு. ஒரு அம்மா கேட்டாங்க, உங்க ஸ்கிரீன்ல வர்ற தண்ணியில நான் எப்படிம்மா துணி துவைக்கறதுன்னு."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நளீஃப் பெட்டி அந்தப் பத்தொன்பதில் ஒன்று.


ஆகஸ்ட் 11, வியாழன்

விஷயம் வேறு பக்கம் போய்விட்டது. நளீஃப் வால்வுக்காரர் அபூ ஹர்ப் மேல் விசாரணை. இருபத்தேழு வருடம் இரும்புச் சாவியோடு மலை ஏறி இறங்கி வால்வு திறந்தவர். பெட்டி வந்ததும் கையால் திருப்பும் சக்கரத்துக்கு ஈய சீல் வைத்து, இனிமேல் தொடாதே என்று சொல்லியிருக்கிறோம். அந்த சீல் உடைந்திருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அடுத்த மண்டலத்தின் மேட்டுத் தெருவுக்கு எப்போதும் நூல் மாதிரித்தான் தண்ணீர் வரும். செவ்வாயன்று அங்கே மொட்டைமாடி டேங்குகள் வழிந்து படிக்கட்டில் ஓடியதாம். அந்தத் தெருவில்தான் அவருடைய மகள் இஸ்ராவைக் கட்டிக்கொடுத்திருக்கிறது.

ஆக, கதை தயார்: பெட்டி ஆறு மணிக்குத் திறந்தது, கிழவர் சீலை உடைத்து மூடி, மகள் தெருவுக்குத் தள்ளிவிட்டார். பெட்டி பொய் சொல்லாது அல்லவா.

ஔனிக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா, நம்ம சிஸ்டம் இல்லன்னா இந்த ஆளு மாட்டியிருக்கவே மாட்டான்."

பதினெட்டாம் தேதி விசாரணை. நிரூபணமானால் வேலை போகும், ஓய்வூதியமும் சேர்ந்து.

சாயங்காலம் நளீஃப் போனேன். அபூ ஹர்ப் பம்ப் அறை வாசலில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார்.

"பெட்டியோட அப்பா வந்துட்டாரு," என்றார்.

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஆறு மணிக்கு வந்தேன். குழாய்ல காதை வச்சேன். சத்தமே இல்ல. உங்க கன்ட்ரோல் ரூமுக்கு நாலு தடவை ஃபோன் போட்டேன். திறந்திருக்கு, திறந்திருக்குன்னு பாட்டு பாடுனாங்க. பன்னெண்டு மணிக்கு சீலை உடைச்சுக் கையால திறந்தேன். ரெண்டு மணிக்கு மெயின் லைனையே மூடிட்டாங்க. ரெண்டு மணி நேரத் தண்ணி, அதுவும் அடிவாரத்துக்கு மட்டும். மேல இருக்கறவங்க என் குடும்பத்தையே இழுத்துத் திட்டுறாங்க."

"மகள் தெரு?"

என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, ஒரு லைன்ல ரெண்டு வாய். ஒரு வாயை அடைச்சா தண்ணி எங்க போகும்? படிச்சவன்தானே நீ?"

சரிதான். நளீஃப் வால்வு மூடியே இருந்தால் அழுத்தம் முழுக்க அந்தப் பக்கம் ஏறும்.

மூடியே இருந்தால்.


ஆகஸ்ட் 12, வெள்ளி

வெள்ளி, சனி விடுமுறை. அலுவலகம் பூட்டியிருந்தது, என் சாவியில் திறந்தேன். மாதிரிப் பெட்டியில் இன்னொரு இருநூறு முறை. இருநூறும் சரி. அப்படியென்றால் நான் இல்லை. கிழவர்தான்.

அப்படித்தானே?

மதியச் சாப்பாட்டில் அம்மா, "மன்ஸஃப் ஆறுது, நீ தட்டைப் பாத்தே உக்காந்திருக்க, யாரு செத்துப்போனா?" என்றாள். யாரும் இல்லை என்றேன்.

நூறு முறையோ முந்நூறு முறையோ, மேசையில் இருக்கும் பெட்டியைத்தானே பார்த்தேன். மலையில் இருக்கும் பெட்டியைப் பார்த்தேனா?


ஆகஸ்ட் 13, சனி

பார்த்தேன்.

லேப்டாப்போடு போனேன். அபூ ஹர்ப்தான் கதவைத் திறந்தார். "சாவியைத் திருப்பி வாங்கணும்னு எழுதியிருக்காங்க. வாங்கத்தான் யாரும் மலை ஏறி வரல."

கெர்னலின் பெயர் ஒன்றுதான். பதிப்பும் ஒன்றுதான். கட்டிய தேதி வேறு. மேசைப் பெட்டியுடையது மார்ச், இதனுடையது நவம்பர். மழைத் தண்ணீர் புகுந்து பழுதுபார்க்கப் போன பெட்டி இது என்றார் அபூ ஹர்ப். பழுது பார்த்தவன் பிழை தேடுவதற்கான கெர்னலைப் போட்டுவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டான். உள்ளே இருக்கும் செயற்கூறுகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். மேசைப் பெட்டியில் இல்லாத பெயர்கள் நூற்றுக்கணக்கில். அப்படிக் கட்டினால் கெர்னல் ஒவ்வொரு கருவிக்கும் வைத்திருக்கும் பதிவேட்டில் நடுநடுவே கூடுதல் கட்டங்கள் முளைக்கும்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "மூஞ்சி வெளுத்துப்போச்சே. என்னதான் தப்பு?" என்றார்.

சொன்னேன். "மொட்டைமாடியில டேங்க் வரிசையா இருக்குல்ல. படிக்கட்டுல இருந்து மூணாவது டேங்க் நம்மளுதுன்னு மனப்பாடமா வச்சிருக்கேன். எல்லா மாடியிலயும் போய்க் கண்ணை மூடிக்கிட்டு மூணாவதுல ஊத்தறேன். இந்த மாடியில யாரோ நடுவுல புதுசா ஒரு டேங்க் வச்சிருக்கான்."

"அப்போ அடுத்தவன் டேங்க்ல ஊத்திட்டே."

"அடுத்தவன் டேங்க்ல ஊத்திட்டு, அதையே எட்டிப்பாத்து, நம்ம டேங்க் ரொம்பிருச்சுன்னு கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிட்டேன்."

அதுதான் நடந்திருக்கிறது. அட்டையின் முகவரியை எடுக்க வேண்டிய கட்டத்துக்குப் பதிலாகப் பக்கத்துக் கட்டத்தைப் படித்திருக்கிறேன். பத்தில் ஒன்பது முறை இதற்குப் பெட்டி அங்கேயே விழுந்து செத்திருக்கும். விழுந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என் நேரம், அந்த முகவரி யாரும் பயன்படுத்தாத ஒரு சாதாரண நினைவகத் துண்டைக் காட்டியிருக்கிறது. சாதாரண நினைவகத்தில் எதை எழுதினாலும் அதையே திருப்பிப் படிக்கலாம். 'திற' என்று எழுதினேன். 'திறந்தது' என்று படித்தேன். வால்வு இருந்த இடத்திலேயே இருந்தது.

நானே எழுதி, நானே படித்து, நானே பச்சை காட்டியிருக்கிறேன்.

கெர்னல் வாசலில் மறித்தது இதற்குத்தான். நான் முத்திரையைத் திருத்தி உள்ளே போனேன்.

அபூ ஹர்ப் சட்டைப்பையிலிருந்து விசாரணைக் கடிதத்தை எடுத்து விரித்து, என் லேப்டாப்பின் மேல் வைத்தார்.


ஆகஸ்ட் 14, ஞாயிறு

ஔனியிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"இது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. அபூ ஹர்ப்புக்கு."

"அவன் சொன்னா எவன் நம்புவான். நீ ஒண்ணு பண்ணு. இங்கிருந்தே பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு, சரியான மாட்யூலைப் போடு, முடிஞ்சுது."

"அந்த ஆளு வேலை?"

"சீலை உடைச்சானா இல்லையா? உடைச்சான். அதுக்கு உள்ள தண்டனை. நாம ஏன் தலையைக் குடுக்கணும்? நாளைக்கு இர்பித் ஆளுங்க வர்றாங்கடா."

பெட்டியை அணைத்தால் நினைவகம் அழியும். 'திற' என்ற கட்டளை தப்பான இடத்தில் விழுந்து கிடப்பது அந்த நினைவகத்தில் மட்டும்தான் இருக்கிறது. வேறு எங்கும் தடயம் இல்லை. முத்திரையைத் திருத்தியதால் பதிவுகளிலும் எல்லாம் ஒழுங்காக ஏறியதாகவே இருக்கிறது. நான் அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறேன்.

அணைக்காமல் விட்டால், நாளை மறுநாள் செவ்வாய் நளீஃப்பில் மறுபடியும் தண்ணீர் வராது. விசாரணை முடியும்வரை சக்கரத்தையும் யாரும் தொடக் கூடாது. இரண்டாவது வாரம்.

இரண்டும் வேண்டுமென்றால் ஒரே வழி. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியிலேயே, அணைக்காமல், நினைவகத்தை நகலெடுக்க வேண்டும். அதற்கும் ஒரு மாட்யூல் ஏற்றியாக வேண்டும். அதே கெர்னலில். அளவு தெரியாத அதே பதிவேட்டோடு. அந்த மாட்யூல் ஓர் இடத்தில் தப்பாகக் கை வைத்தாலும் பெட்டி விழும், தடயம் போகும். ஒத்திகை கிடையாது.

ஔனியிடம், "பாக்கறேன்," என்று மட்டும் சொன்னேன். இங்கிருந்தே பெட்டியை அணைக்கத் தெரிந்தவன் அலுவலகத்தில் நான் ஒருவன்தான். அதற்காக முதல்முறை சந்தோஷப்பட்டேன்.


ஆகஸ்ட் 15, திங்கள்

காலை 8.15. நளீஃப். ஔனி மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஊகிக்கக் கூடாது. முடிவு செய்துவிட்டேன். பெட்டியிலேயே கடிகாரத்துக்கென்று ஒரு டிரைவர் இருக்கிறது. இந்தக் கெர்னலைக் கட்டியவனே, அதே நாளில், அதே விருப்பங்களோடு கட்டியது. அதற்குப் பதிவேட்டின் ஒவ்வொரு கட்டமும் எங்கே என்று தெரியும். அதன் எந்திரக் கட்டளைகளைப் பிரித்துப் படித்தால், எத்தனை பைட் தள்ளிக் கை நீட்டுகிறது என்பது அதிலேயே எழுதியிருக்கும்.

10.50. ஏழு இடங்களைப் படித்தேன். ஆறு இடங்களில் மேசைப் பெட்டியைவிடப் பதினாறு பைட் தள்ளி. ஏழாவதில் இருபத்துநான்கு.

ஏழாவது ஏன் அப்படி?

போன வாரமாக இருந்தால் ஆறுக்கு ஒன்று என்று போயிருப்பேன்.

"எதுக்காக ஒரே எடத்தை மொறைச்சுக்கிட்டிருக்க?" அபூ ஹர்ப் மரமிய்யா இலை போட்ட டீ கொண்டுவந்தார்.

"ஏழு பேர்ல ஆறு பேர் ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தன் வேற சொல்றான்."

"அந்த விசாரணைக் கமிட்டியிலயும் என் பக்கம் ஒருத்தனாவது பேசுனா நல்லாருக்கும்."

12.35. கிடைத்தது. ஏழாவது கை நீட்டுவது வேறொரு பதிவேட்டுக்குள். அதில் கூடுதல் கட்டம் ஒன்று அதிகம். ஆக எல்லாம் ஒத்துப்போகிறது. பதினாறு.

பிறகு வேலை வேகமாகப் போனது. அந்தக் கடிகார டிரைவர் கோப்பை நகலெடுத்து, கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு என் நகலெடுக்கும் நிரலை வைத்தேன். முத்திரை, சரிபார்ப்பு எண், கட்டங்களின் அளவு எல்லாம் அவர்களுடையதே. இந்த முறை எதையும் திருத்தவில்லை. என் நிரல் கெர்னலிடம் கேட்பது இரண்டே உதவி, அவ்வளவு சின்னது.

2.20. எழுதி முடித்துவிட்டேன், விரல் பொத்தானுக்கு மேல், அழுத்த வரவில்லை. நான்தானா இது? போன திங்கட்கிழமை பத்தொன்பதையும் ஒரே மூச்சில் அழுத்தினவன்.

ஔனி பதினோராவது முறை. ஒரு செய்தியும்: இர்பித் ஆளுங்க வந்துட்டாங்க எங்கடா இருக்க.

2.26. அழுத்தினேன்.

விளக்கு அணையவில்லை. பெட்டி உயிரோடு இருக்கிறது. நகல் மெல்ல, மிக மெல்ல வெளியே வருகிறது. ஐம்பது நிமிடம். வெயில் லேப்டாப் மேல் விழுந்து அது சூடாகி நின்றுவிடுமோ என்று பயம். அபூ ஹர்ப் விசாரணைக் கடிதம் வந்த பெரிய உறையால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார்.

3.18. நகல் முழுதாகக் கிடைத்தது. அதில் தேடினேன். தப்பான கட்டம் காட்டிய இடத்தில், யாருக்கும் வேண்டாத ஒரு மூலையில், அடுத்தடுத்து இரண்டு எண்கள். முதலாவது 1. 'திற.' ஒன்பதாம் தேதி, காலை 6.00 என்று நான் எழுதும் நேரக்குறியோடு. இரண்டாவது 0, 'மூடு', அதே நாள் பகல் 2.00.

அதற்குப் பிறகுதான் பழைய மாட்யூலை இறக்கி, அளவு திருத்தியதை ஏற்றினேன். திற என்றேன். சுவருக்குப் பின்னால் மோட்டார் உறுமியது. மூடு என்றேன். மறுபடி உறுமியது.

"இது சத்தம்," என்றார் அபூ ஹர்ப்.


ஆகஸ்ட் 16, செவ்வாய்

காலை 6.04. தண்ணீர் ஏறுகிறது. மேல் வீடுகள் வரைக்கும். நேரில் நின்று பார்த்தேன், ஸ்கிரீனில் இல்லை.


ஆகஸ்ட் 17, புதன்

ஔனி கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை.

"நகல் எடுத்தியாம்."

"எடுத்தேன்."

"வேலைக்குச் சேர்ற அன்னிக்கு ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டியே, என்ன காகிதம் அது? வாடிக்கையாளர் சம்பந்தமா ஒரு வார்த்தை வெளிய போகக்கூடாது. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது.

"நாளைக்குக் காலைல உனக்கு வயித்துவலி. வீட்டுல இரு. ஒண்ணாந் தேதி இர்பித் திட்டத்துக்கு நீதான் தலைவன். சம்பளம் நீ கேளு, நான் எழுதறேன்."

ரந்த்துக்கு ஃபோன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாலு தடவை அந்த மனுஷன் ஃபோன் பண்ணப்ப எடுத்தது நான்தான், நிதால். திறந்திருக்குன்னு சொன்னதும் நான்தான். நீ வந்தாலும் வராட்டியும் நான் அதை நாளைக்குச் சொல்லப்போறேன். ஆனா ஏன் அப்படி ஆச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது."

வயிறு உண்மையாகவே வலிக்கிறது.


ஆகஸ்ட் 18, வியாழன்

பத்து மணிக்குப் போனேன்.

மூன்று பேர் கமிட்டி. அபூ ஹர்ப் இஸ்திரி போட்ட சட்டையில், சின்ன நாற்காலியில். ஔனி ஜன்னல் பக்கம். என்னைப் பார்த்ததும் ஃபோனைப் பார்த்தார்.

ரந்த் முதலில் சொன்னாள். பிறகு நான். இரண்டு தாள் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். முதல் தாள் யாருக்கும் புரியவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தம்பி, சுருக்கமா சொல்லுங்க, வால்வு திறந்துச்சா இல்லையா?" என்றார்.

"திறக்கலை, சார். திறந்துச்சுன்னு சொன்னது என் நிரல். இவர் சீலை உடைக்கிற வரைக்கும் ஒரு சொட்டுகூடப் போயிருக்காது."

"இது தெரிஞ்சேவா ஏத்துனீங்க?"

"பெட்டி வேண்டாம்னு மறிச்சுது. நான் அதை ஏமாத்தித்தான் ஏத்துனேன்."

அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆகியிருக்கிறது.

தண்ணீரைத் திருப்பிவிட்ட குற்றச்சாட்டு நீக்கம். சீலை உடைத்ததற்கு எழுத்தில் எச்சரிக்கை. அதையும் விடவில்லை.

வெளியே படிக்கட்டில் அபூ ஹர்ப்பிடம் கை நீட்டினேன். அவர் அதைப் பிடிக்கவில்லை.

"என் மக அஞ்சு நாளா மொட்டைமாடிக்குப் போகல. போனா பக்கத்து வீட்டுக்காரிங்க, உங்கப்பா அனுப்பின தண்ணி ரொம்ப இனிப்பா இருந்துச்சுடின்னு சிரிக்கறாங்களாம். நீ சனிக்கிழமையே கண்டுபிடிச்சுட்ட. வியாழக்கிழமைதான் வாயைத் திறந்த. நான் நன்றி சொல்லுவேன்னு நிக்கிறியா?"

"இல்ல."

"அப்போ சரி," என்று கையைப் பிடித்தார். சட்டென்று விட்டுவிட்டு இறங்கிப் போனார்.


ஆகஸ்ட் 21, ஞாயிறு

காலை 9.10. அலுவலக நேரம். வீட்டில் இருக்கிறேன்.

தண்ணீர் நிறுவனத்திலிருந்து ரந்த்தின் மேலதிகாரி கூப்பிட்டார். பத்தொன்பதில் நளீஃப் போக மிச்சம் பதினெட்டையும் நான் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்கிறார். யாருடைய ஆளாக வருவீர்கள் என்று கேட்டார். என் ஆளாக என்றேன்.

செய்ய வேண்டியவை:

1. பதினெட்டுப் பெட்டிகளுக்கும் நடந்து போவது. அந்தந்தப் பெட்டியின் சொந்த டிரைவரிலிருந்தே அளவை எடுப்பது. மேசைப் பெட்டியை நம்புவதில்லை.

2. மாட்யூல் ஏறும்போது தானே அளவுகளைச் சரிபார்க்கும்படி எழுதுவது. ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் ஏற மறுத்து, ஸ்கிரீனில் சிவப்பு காட்ட வேண்டும்.

3. 'திற' என்று எழுதிய இடத்திலேயே திறந்ததா என்று பார்க்கக் கூடாது. மோட்டார் ஓடியதா என்று அட்டையின் வேறு கம்பியிலிருந்து படிப்பது.

4. முப்பத்தொரு ஃபோன் எண்களை ரந்த்திடம் வாங்குவது. மிதவையில் கோளாறு இல்லை, எங்கள் பக்கம்தான் என்று ஒவ்வொருவருக்கும் சொல்வது. துணி துவைக்க முடியாத அந்த அம்மாவுக்கு முதலில்.

5. இஸ்ராவின் தெருவுக்குப் போய், அங்கே நாலு பேர் காதில் விழும்படி நடந்ததைச் சொல்வது. அபூ ஹர்ப்பிடம் முன்கூட்டிக் கேட்டுவிட்டு.

6. ஔனியிடம் அலுவலகச் சாவியைக் கொடுப்பது. தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். நேரில் கொடுப்பேன்.

7. அம்மாவிடம் சொல்வது. இதுவரை இரண்டு முறை கதவைத் தட்டி, வேலைக்கு நேரமாகவில்லையா என்று கேட்டுவிட்டாள்.